பதினேழு சுற்று

ரயில் ஊதும்போதெல்லாம் அந்தப் பெண்ணின் கைகள் தாமாகச் சுழன்றன. இடுப்புக்கு மேலே எதையோ பற்றியதுபோல், பதினேழு சுற்று. ரயில் தாண்டியதும் எதிர்ப்பக்கம் பதினேழு. ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை. தன் பெயரும் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷத்து ஆடிச் சாரல். குற்றாலத்தில் வழுக்கிப் பின்மண்டையில் அடிபட்டுக் கிடந்தவளை, எண்ணெய் தேய்த்துவிடும் குருவம்மாள் தென்காசியில் தண்டவாளத்தை ஒட்டிய தன் வீட்டுக்குக் கொண்டுவந்து நான்கு நாளாகிறது. பதினைந்து வயதிருக்கும். அருவியில் ஏதோ பேய் பிடித்துக்கொண்டது என்றது தெரு.

இன்று மதியம் சங்கிலிப்பாண்டி என்று ஒருவர் வந்தார்.

"இவ பேராச்சி. என் தங்கச்சி மவ. அஞ்சு மணி பஸ்ஸுல புளியறைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"வீட்டுல என்ன வேலை பாத்தா அண்ணாச்சி?"

"மாவாட்டுவா, தண்ணி இறைப்பா. வேறென்ன?"

அவர் போனதும் குருவம்மாள் குரலைத் தாழ்த்தினாள். "மலைக்கு அந்தப்பக்கம் வேலைக்குப் பிள்ளைய பிடிச்சுக் குடுக்கிற ஆளுன்னு நான் எண்ணெ தேய்க்கப் போற லாட்ஜுல சொல்லுதாவ. ஆனா, மாமன் இல்லன்னு நீ எப்பிடிச் சொல்லுவ?"

அந்தப் பெண் எழுந்து ஆட்டுக்கல் குழவியைப் பிடித்துச் சுற்றினாள். கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பார்த்தாள்.

"ரெண்டும் இல்லக்கா. குழவி படுத்த வட்டம். கயிறு மேல கீழ. என் கை சுத்துதது வண்டிச் சக்கரம் மாதிரி நின்ன வட்டம். பதினேழுல நிக்குதுன்னா அந்த வேலைக்கு ஒரு முடிவு இருக்கு. திருப்பிச் சுத்துததால, செஞ்சத அவுக்கவும் வேணும். எல்லாம் ரயிலுக்குத்தான்."

குருவம்மாள் வெற்றிலை மெல்லுவதை நிறுத்தினாள். "ஏட்டி, அது ரயில்வே கேட்டுல்லா."

ரோட்டை மறிக்கும் கேட்டின் குறுக்குக் கம்பை இறக்க ஒரு கைப்பிடி உண்டு. அதைச் சுற்றினால் உருளையில் கம்பிவடம் ஓடும். உருளை பருமனானால் சுற்று குறையும், மெலிந்தால் கூடும். ஆகவே கேட்டுக்குக் கேட்டு கணக்கு மாறும். மணி மூன்று. இருவரும் செங்கோட்டைப் பக்கம் தண்டவாளத்தோரம் நடந்தார்கள்.

முதல் கேட்டுக்கு வீட்டுக் கதவுபோல் இரட்டைக் கதவு. இரண்டாவதில் கைப்பிடி இருந்தது. கேட்டுக்காரர் முறைத்தார்.

"பொம்பளையளுக்கு இங்கன என்ன சோலி?"

"ஒரு தடவை இவ சுத்தட்டும். ஒமக்குக் கைவலி மிச்சம்."

பதினொன்றில் கம்பு இறங்கிவிட்டது. அவள் கைகள் மிச்ச ஆறையும் காற்றில் சுற்றின. கேட்டுக்காரர் சிரித்தார். குருவம்மாள் சிரிக்கவில்லை, வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது கேட்டை நெருங்கும்போதே ரயில் ஊதியது. அவள் ஓடினாள். கைப்பிடி அவள் உள்ளங்கைக்குச் சரியாக வந்தது. பத்து. பதினான்கு. பதினாறிலும் கம்பு ஒரு சாண் உயரத்தில் நின்றது. பதினேழு. கம்பு எதிர்த்தூணின் கவையில் உட்கார்ந்தது.

பச்சைக்கொடியோடு அறையிலிருந்து வந்த கேட்டுக்காரர் அப்படியே நின்றார்.

"ஞானம்? குளிச்சிட்டு அப்பிடியே இலத்தூர் அத்த வீட்டுல ஒரு வாரம் இருந்துட்டு வாரேன்னுல்லா போன? தலையில என்னம்மா கட்டு?"

அந்த முகம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ரயில் கடந்தது. அவர் கைநீட்டுமுன் அவளே எதிர்ப்பக்கம் பதினேழு சுற்றினாள். கம்பு உச்சிக்குப் போய் நின்றது.

அவள் பேராச்சி இல்லை. அப்பா கொடி காட்டும்போது இந்தக் கேட்டை மூடித் திறக்கும் மகள், ஞானபாக்கியம்.