புஷ்பமேரியின் நாற்பது விநாடி

1.

இந்தக் கதை என்னுடையதல்ல. மெரின் என்ற ஆராய்ச்சி மாணவி, கோரிமேட்டில் பஸ்ஸுக்குக் காத்திருந்த ஒரு மணி நேரத்தில் என்னிடம் சொன்னது. "எழுதிக்கோங்க. ஆனா என்னை நல்லவளா ஆக்கிடாதீங்க" என்றாள்.

நான் எழுதிய முதல் வரி: "மெரின் வேண்டுமென்று எதையும்..."

அடித்துவிட்டேன். வேண்டுமென்றுதான் செய்தாள்.

2.

டிஜிட்டல் கலைகளும் மானிடப் புலங்களும் என்று நீளமான பெயருள்ள முனைவர் படிப்பு. தன்போக்கில் செய்கிற ஆராய்ச்சியல்ல. வகுப்பு உண்டு, கிரெடிட் உண்டு, வருஷத்துக்கு ஒருமுறை குழுவின் முன்னால் ரிவ்யூ உண்டு. தேறாவிட்டால் அடுத்த வருஷம் கிடையாது. புதுச்சேரிக்காரர்களின் குரல்களைப் பதிவுசெய்து, இணைய வரைபடத்தில் அவரவர் இடத்தில் வைப்பது மெரினின் வேலை. இடத்தைத் தொட்டால் குரல் பேசும்.

"மேப் பிரமாதம். மனுஷங்கதான் யாரும் இல்ல" என்றார் முதல் ரிவ்யூவில் ஒருவர். அது அவளுக்குத் தைத்துவிட்டது.

தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் மீன் ஏலம் எடுத்து விற்கும் புஷ்பமேரியிடம் மூன்று மாதம் போனாள். பேச்சு மீன் விலையிலிருந்து மெல்ல மகளுக்கு வந்தது. மகள் பொலின், பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டு பிரான்ஸில் இருக்கிறாள்.

"கல்யாணத்துக்கு முந்துன வாரம், பொலினுகூடப் பழகிட்டிருந்த அந்தத் தமிழ்மாறன் வந்தான், மெரினு. தட்டாஞ்சாவடியில லேத்து ஓட்டுற பையன். இவ உள்ள தல துவட்டிக்கிட்டு இருந்தா. 'அவளுக்கு உன்னப் பாக்க இஷ்டமில்ல'ன்னு அனுப்பிட்டேன். இவகிட்ட, அவன் வரவே இல்லன்னுட்டேன்." பிறகு ரெக்கார்டரைப் பார்த்து, "இதப் போட்டுடாதடி" என்றாள்.

"போட மாட்டேன்க்கா."

(இங்கே புஷ்பமேரி அழுதாள் என்று எழுதியிருந்தேன். அழவில்லை என்றாள் மெரின். எடுத்துவிட்டேன்.)

3.

இரண்டாவது ரிவ்யூ அன்று காலை மெரின் அதைப் போட்டாள். ஒரே ஒரு நாளைக்கு, பெயரில்லாமல், 'மீன் விற்பவர்' என்று. நாற்பது விநாடி ஓடி முடிந்தது. முன்பு குறை சொன்னவரே, "இதுதாம்மா ஆராய்ச்சி" என்றார்.

சாயங்காலம் எடுத்துவிடுவதாக இருந்தாள். பாராட்டு வந்துகொண்டே இருந்ததால் நாலு நாள் விட்டுவைத்தாள். அதற்குள் லிங்க் கைமாறிக் கைமாறி பிரான்ஸுக்குப் போய்விட்டது. பெயர் இல்லாவிட்டால் என்ன, பெற்றவள் குரல் தெரியாதா?

பொலின் போன் செய்தாள்.

"வந்தானாம்மா?"

"வந்தான்."

அதற்கப்புறம் போன் வரவில்லை.

4.

மெரின் துறைமுகத்துக்கு ஓடினாள். புஷ்பமேரி மீன்மேல் ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, அத எடுத்துட்டேன்க்கா."

"பாஸ் பண்ணிட்டியா?"

"...பண்ணிட்டேன்."

"சரி, போ. வெயிலாவுது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்று மெரின் என்னிடம் சொன்னாள். [மன்னிக்கிற காட்சி ஒன்று எழுதிப் பார்த்தேன். "புஷ்பமேரி அவள் கையைப் பிடித்து..." மேலே ஓடவில்லை.]

5.

"நடந்ததையே ஆராய்ச்சி அறம்னு ஒரு அத்தியாயமா எழுதிடு. நல்லா வரும்" என்கிறார் கைடு. நன்றாக வந்துவிடும் என்பதுதான் மெரினுக்குப் பயம். எழுதாவிட்டாலோ, ஆய்வேட்டில் அவள்மேல் ஒரு கறையும் இருக்காது; அதுவும் பயம்தான்.

நானும் முயன்றேன். ஒரு முடிவில் அவளைப் படிப்பை விட்டுவிடச் செய்தேன். இன்னொன்றில் தமிழ்மாறனைத் தேடிப்போய் உண்மையைச் சொல்லவைத்தேன். மூன்றாவதில், டிசம்பரில் பொலினை ஊருக்கு வரவழைத்து, மெரினை அவள் முன்னால் நிறுத்தினேன். மூன்றிலும் மெரினுக்கு மனசு லேசாகிவிடுகிறது. புஷ்பமேரியின் போன் மட்டும் அடிக்கவே இல்லை.

மூன்றையும் கிழித்துவிட்டேன். அந்தப் போன் அடிக்கிற மாதிரி ஒரு முடிவு உங்களிடம் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், மெரினிடமும் சொல்ல வேண்டாம். பொலினிடம் சொல்லுங்கள்.