டோனா மூன்று பேரிடம் சொன்னது

மதுவும் ஷ்ரேயாவும் டெல்லியின் முனிர்காவில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தார்கள். 2016 அமெரிக்கத் தேர்தலைப் பத்திரிகைகள் எப்படி எழுதின என்பதுதான் மதுவின் முனைவர் பட்ட ஆய்வு. அமெரிக்காவை அவள் பார்த்ததில்லை. இரண்டு வருடமாகப் படித்ததில் அவளுக்குத் தெரிந்த அமெரிக்கா ஒரு சாப்பாட்டுக் கடையோடு முடிந்துவிடும். நிருபர் ஏதோ ஒரு சிற்றூருக்குப் போவார், காப்பி சொல்வார், பக்கத்து மேஜைக்காரர் மூடிப்போன ஆலையைப் பற்றிப் பேசுவார்.

ஒரு சனிக்கிழமை மூன்று பத்திரிகைகளின் கட்டுரைகளை ஒப்பிட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மூன்றிலும் ஒஹையோவின் அதே ஊர், அதே கடை, அங்கே பரிமாறும் டோனா என்ற அம்மாள். ஒன்றில் அவர் பரம்பரைக் கட்சியை விட்டு அந்த வருடம்தான் மாறியவர். இன்னொன்றில் இருபது வருடம் ஓட்டே போடாதவர். மூன்றாவதில் வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்டவர்.

"யாரோ புளுகியிருக்காங்க ஷ்ரேயா. இல்லன்னா இந்தம்மாவே ஆளுக்குத் தகுந்த மாதிரி பேசியிருக்கு."

"அச்சா, போன் பண்ணிக் கேட்டுடேன். கடை நம்பர் நெட்ல இருக்குமே."

இருந்தது. இங்கே மாலை ஆறரை, அங்கே காலை. டோனாவே எடுத்தார்.

"டெல்லியிலேர்ந்து பேசறேன் மேடம். உங்களைப் பத்திச் சில விவரம் சரிபார்க்கணும்."

"இந்தியாவா? விவரம் சரிபார்க்கணும்னுதான் என் அக்காவையும் அங்கேர்ந்து ஒருத்தன் போன்ல ஏமாத்தினான். வெக்கமா இல்ல உனக்கு?"

இணைப்பு அறுந்தது. ஷ்ரேயா சிரித்தாள். மதுவுக்கு முகம் எரிந்தது. ஊரையே சந்தேகப்பட்டவளுக்குத் தன்மேல் சந்தேகம் விழுந்தது தாங்கவில்லை. இரண்டு நாள் அந்தக் கோப்பையே திறக்கவில்லை.

பிறகு துறைத் தலைவரின் கையெழுத்தோடு ஒரு கடிதம் எழுதி, மூன்று கட்டுரைகளின் நகலையும் வைத்து, தபாலில் அனுப்பினாள். 'இதில் எது நீங்கள்?' என்று கேட்டிருந்தாள்.

ஐந்து வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது.

'மூன்றும் நான்தான். சின்ன வயதில் அப்பாவின் கட்சிக்குப் போட்டேன். ஆலை மூடியபின் இருபது வருடம் யாருக்கும் போடவில்லை. 2016-இல் எதிர்க்கட்சிக்குப் போட்டேன், அவர்களுக்காக வீடு வீடாகவும் போனேன். மூன்று பேரிடமும் முழுவதும் சொன்னேன். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். யாரும் கட்டுரையை எனக்கு அனுப்பவில்லை. உன் தபாலில்தான் முதல்முறை படிக்கிறேன். உன்னையும் எனக்குத் தெரியாது. என்னைப் பற்றி எழுதுவதை எனக்கு அனுப்பிவிட்டுப் பிறகு அச்சடி.'

மது இரண்டாம் முறை படித்தாள். எல்லாம் இவ்வளவு ஒழுங்காகப் பொருந்துகிறதே என்று உறுத்தியது. மூன்றையும் படித்துவிட்டுத்தானே பதில் எழுதியிருக்கிறார்?

"இப்பவும் நம்பலையா நீ?" என்றாள் ஷ்ரேயா.

"பாதி நம்பறேன்."

ஆனாலும் ஆய்வேட்டில் அந்தக் கட்டுரைகளைப் பற்றி 'புனைவு' என்று தான் எழுதிவைத்திருந்த சொல்லை அடித்தாள். அந்தப் பகுதியைத் திருத்தி எழுதி, டோனாவின் பதிலை முழுசாகச் சேர்த்து, தன் சந்தேகத்தையும் மறைக்காமல் டோனாவுக்கு அனுப்பினாள்.

டோனாவிடமிருந்து ஒரே ஒரு திருத்தம் மட்டும் வந்தது. ஆலை மூடிய வருடம் மது எழுதியிருந்த 1997 அல்ல, 1995.

மது உடனே மாற்றவில்லை. அந்த ஊர் நூலகத்தின் இணையதளத்தில் பழைய செய்தித்தாள்களைத் தேடினாள். 1995-தான். அதன் பிறகே திருத்தினாள்.