போடாத கண்

புருவம் திருத்தும் நூலின் முனையைப் பல்லில் கடித்தபடி நிஷானி புருவத்தின் மேல் குனிந்தாள். அவளுடைய இடக்கண்ணிலிருந்து வழிந்த நீர், படுத்திருந்த பெண்ணின் நெற்றியில் சொட்டியது.

"குறை நினைக்காதேங்கோ அன்ரி."

"என்ன பிள்ளை, மனுசனோட சண்டையோ?"

"இல்லை அன்ரி. கண் சும்மா ஓடுது."

கடைக்காரி பிரவீணா பின்னாலிருந்து வந்து நிஷானியின் முகவாயைப் பிடித்துத் திருப்பினாள். "பாருங்க மேடம். வலது, சும்மா விட்ட கண்ணு. இடது, நம்ம சீரம் போட்டது."

இடது இமைமயிர்கள் நீண்டு கறுத்து மேல்நோக்கி வளைந்திருந்தன. பொயிண்ட் குக் என்ற புறநகரிலிருந்த அந்த அழகு நிலையத்தில் வேலை செய்பவர்கள் இமைமயிர் வளர்க்கும் சீரத்தை ஒரு கண்ணில் மட்டும்தான் பூச வேண்டும். அப்போதுதான் வருகிறவர்களுக்கு வித்தியாசம் தெரியும்.

"மற்றக் கண் என்ன பாவம் செய்தது?" என்று அன்ரி சிரித்தாள். பிறகு, "சிவந்தெல்லோ கிடக்கு?"

"ராத்திரியெல்லாம் ஃபோன் பாக்குறா மேடம்," என்றாள் பிரவீணா.

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த ஜெசிக்காவும் சிரித்தாள். மாணவர் விசாவில் வந்த பெண். வேலை பழகச் சேர்ந்து அது முதல் வாரம்.

இடக்கண்ணுக்குள் முன்பொருமுறை அழற்சி வந்திருந்ததை வேலைக்குச் சேர்ந்தபோதே நிஷானி சொல்லியிருந்தாள். "அது கண்ணுக்குள்ள. நாம தடவுறது இமையோரத்துல. மை மாதிரிதான்," என்றாள் பிரவீணா. பின்னொரு நாள் கண் அரிக்கிறது என்று நிஷானி சொன்னபோது, "வேணாம்னா விடு. வேலை கேட்டு எத்தனை பேர் வர்றாங்க தெரியுமா?" என்றாள்.

மதியம் நிஷானியால் விளக்கைப் பார்க்க முடியவில்லை. கணவன் றொகானை அழைத்தாள். அவன் கிட்டங்கியில் சரக்கு அடுக்கும் வேலையைப் பாதியில் விட்டு வந்தான்.

காரில் அவள் இடக்கண்ணைக் கையால் பொத்திக்கொண்டாள். ஓட்டுகிறவனுக்கு எப்போதும் அவளுடைய வலப்பக்கம்தான் தெரியும். "எனக்கெண்டு போடாத கண்ணை விட்டு வச்சிருக்கிறீர்," என்று முன்பெல்லாம் கேலி செய்வான். இப்போதும் அந்தக் கண் தெளிவாக இருந்தது. ஒன்றும் நடக்காதது போல.

மருத்துவமனையில் வலக்கண்ணை மூடி எழுத்துகளை வாசிக்கச் சொன்னார்கள்.

"எழுத்து இல்லையே. நடுவில புகை மாதிரிக் கிடக்கு."

கண்ணுக்கு ஏதாவது மருந்து போடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். இல்லை என்றாள். சொட்டு மருந்து? இல்லை. டாக்டர் இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பக்கம் மட்டும் இமைமயிர் ஏன் நீளம் என்று கேட்டார்.

றொகான் அவளுடைய கைப்பையிலிருந்து அந்தச் சீரம் இருந்த குழாயை எடுத்துக் கொடுத்தான்.

டாக்டர் அதிலிருந்த சின்ன எழுத்துகளை வாசித்தார். கண் அழுத்த நோய்க்குக் கொடுக்கும் மருந்தின் இனம் இது என்றார். பழைய அழற்சியை இது திரும்ப எழுப்பக்கூடும். அப்படிப்பட்ட கண் உள்ளவர்கள் கண் டாக்டரைக் கேட்காமல் பூசக்கூடாது. இதனால்தான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் வீக்கம் விழித்திரையின் நடுப்பகுதிவரை போய்விட்டது. சிகிச்சை உண்டு. பார்வை எவ்வளவு திரும்பும் என்று வாக்குக் கொடுக்க முடியாது.

"மருந்தெண்டு எனக்கு ஆரும் சொல்லேல்லை," என்றாள் நிஷானி, தமிழில்.

டாக்டர் றொகானைப் பார்த்தார். அவன் மொழிபெயர்க்கவில்லை.

வெளியே வந்ததும் அவள் ஒன்றுதான் சொன்னாள். "ஜெசிக்காட்டப் போய்ச் சொல்லுங்கோ. அதைப் பூச வேண்டாமாம் எண்டு."

மறுநாள் காலை றொகான் கடைக்குப் போனான். ஜெசிக்கா சாய்கதிரையில் படுத்திருந்தாள். இடக்கண் மூடியிருந்தது. இமையோரம் ஈரமாக மின்னியது. பிரவீணா ஃபோனை அவள் முகத்துக்கு நேரே பிடித்திருந்தாள்.

றொகான் நடந்ததைச் சொன்னான்.

"ஐயோ பாவம். ஆனா அவளுக்கு ஏற்கனவே இருந்த வியாதிதானே? இந்தப் பொண்ணு நல்லாத்தான் இருக்கா." பிரவீணா ஃபோனை இறக்கவில்லை. "வலது கண்ணு நல்லாயிருக்குல்ல? சரியானதும் வரச் சொல்லுங்க."

அவன் கதிரையருகே போனான். "தங்கச்சி, அதைக் கழுவும். உமக்கு முந்திக் கண்ணில ஏதும் நோய் வருத்தம் வந்ததோ?"

"சின்னனில ஒருக்கா..."

"ஜெசி, அசையாத. வீடியோ ஓடுது."

ஜெசிக்கா வாயை மூடிக்கொண்டாள். திறந்திருந்த கண் றொகானைப் பார்த்தது, பிறகு பிரவீணாவைப் பார்த்தது. மற்றது மூடியே இருந்தது.