மிரெலுக்காக நின்றவன்

வாரத்தில் இரண்டு நாள், இஸ்ரேல் ராணுவத்தின் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் திர்ஸாவின் பழைய வெள்ளைக் கார் காத்திருக்கும். ஜெனின் அகதி முகாமிலிருந்து வரும் ரப்ஹி, மகள் மயாரைத் தோளில் போட்டுக்கொண்டு வரிசையைத் தாண்டி வெளியே வருவான். ஐந்து வயதுப் பிள்ளைக்கு ரத்தப் புற்றுநோய். இஸ்ரேலில் இருக்கும் ஹைஃபாவில்தான் வைத்தியம். வண்டிக்கு வழியில்லாத பாலஸ்தீன நோயாளிகளை ஏற்றிப் போகும் யூதத் தொண்டர்கள் சிலரில் திர்ஸாவும் ஒருத்தி. வயது அறுபத்திரண்டு. ஒரு கை ஸ்டீயரிங்கில், ஒரு கை பேச்சில்.

ரப்ஹி பதினோரு வருடம் இஸ்ரேலில் தரைக்கு ஓடு பதித்தவன். ஹீப்ரு தண்ணீர்பட்ட பாடு. அவன் அண்ணன் அவ்னியை ராணுவம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்ற பிறகு வேலைக்கான அனுமதிச் சீட்டு பறிபோனது. பிள்ளையின் வைத்தியத்துக்கு மட்டும் தனிச் சீட்டு கிடைத்தது. வண்டியில் திர்ஸா கேட்டால் பதில் சொல்வான், தானாக வாய் திறக்க மாட்டான்.

அன்று வரிசை நகரவே இல்லை. கார் நெடுஞ்சாலையில் ஏறும்போது மணி பத்தாகப் போனது.

"ரப்ஹி, இன்னைக்கு என்ன நாள்னு தெரியுமில்ல? சங்கு ஊதும். ரெண்டு நிமிஷம் நிறுத்திக்கிறேன்."

அவனுக்குத் தெரியும். ஹிட்லரின் ஆட்கள் கொன்ற யூதர்களுக்காக வருடத்தில் ஒரு காலை நாடே அசையாமல் நிற்கும். வேலைக்குப் போன காலத்தில் அவனும் கையிலிருந்த கொத்துக் கரண்டியை வைத்துவிட்டு நின்றிருக்கிறான். அண்ணன் போன பிறகு, இனி அந்தச் சங்குக்கு எழுந்திருப்பதில்லை என்று மனதில் முடிபோட்டிருந்தான்.

சங்கு ஊதியது. எல்லா வண்டிகளும் அங்கங்கே அப்படியே நின்றன. திர்ஸா இறங்கி, கதவைப் பிடித்துக்கொண்டு தலை குனிந்தாள்.

பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மயார் வீறிட்டு எழுந்தாள். முகாமில் சங்கு ஊதினால் ராணுவம் நுழைகிறது என்று அர்த்தம். "பாபா, வந்துட்டாங்க! கீழ படு பாபா!" என்று சீட்டுக்கு அடியில் நுழையப் பார்த்தாள். நெஞ்சில் மருந்து ஏற்றப் பொருத்தியிருந்த குழாய் இழுபட்டுவிடும் என்று ரப்ஹி பதறினான். முன்சீட்டிலிருந்து அவன் கைக்கு அவள் எட்டவில்லை.

திர்ஸா திரும்பிப் பார்த்தாள். ஒரு கணம்தான். பின்கதவைத் திறந்து உள்ளே ஏறி, பிள்ளையை மடியில் இழுத்துப் போட்டு, இரு கைகளாலும் அதன் காதுகளைப் பொத்தினாள்.

பக்கத்துக் காரின் அருகே நின்றவன் அவளையே முறைத்தான். "வெக்கமா இல்ல உனக்கு? எந்திரிச்சு நில்லு" என்றான். திர்ஸாவின் கன்னத்தில் கண்ணீர் ஓடியது. கையை எடுத்துத் துடைக்கக்கூட இல்லை.

ரப்ஹி ஏன் அப்படிச் செய்தான் என்று பிறகு எத்தனை யோசித்தும் அவனுக்கே பிடிபடவில்லை. கதவைத் திறந்து இறங்கினான். கைகளைத் தொங்கவிட்டு, சங்கு ஓயும்வரை நின்றான். முறைத்தவன் அவனைப் பார்த்து மெல்லத் தலையசைத்தான். அந்தத் தலையசைப்பு ரப்ஹிக்குக் கசந்தது.

வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும் திர்ஸா கேட்டாள். "நீங்க எதுக்கு எறங்குனீங்க?"

"நீங்க உள்ள வந்துட்டீங்க. உங்க ஆளுங்களுக்கு யாராவது நிக்கணுமில்ல."

திர்ஸா கண்ணாடியில் மயாரை ஒருமுறை பார்த்தாள். பிறகு சொன்னாள். "நான் நிக்கிறது மிரெலுக்காக. எங்கப்பாவோட தங்கச்சி. ஆறு வயசு. ஹிட்லரோட முகாம்ல ரயில விட்டு எறங்குன அன்னைக்கே கொன்னுட்டாங்க. ஒரு போட்டோகூட இல்ல. அப்பா போனப்புறம் அவ பேரை நினைக்க நான் ஒருத்திதான்."

சாயங்காலம் வீட்டில் மயார் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பாபா ரோட்டுல நின்னாரு. அந்தம்மா என் காதைப் பொத்துனாங்க." அவ்னியின் மனைவி சிஹாம் அங்கேதான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முறத்தை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். மூன்று நாள் அவனோடு பேசவில்லை. நான்காம் நாள் படியிறங்கி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அவங்களுக்காகவா நின்ன?"

"ஒரு பிள்ளைக்காக, அண்ணி. ஆறு வயசாம்."

"உங்கண்ணன் செத்தப்ப எந்த வண்டி நின்னுச்சு? அடக்கம் பண்ணப் போன வழியில புகைக்குண்டுதானே போட்டாங்க."

"தெரியும், அண்ணி."

"தெரிஞ்சும் நின்னுருக்க."

சிஹாம் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்தப் பிள்ளை பேரென்ன?"

"மிரெல்."

அவள் அந்தப் பேரை ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். "ஆறு வயசுப் பிள்ளை என்ன பண்ணுச்சு பாவம்," என்றாள். மறுநாள் விடியலில் ஸஅதர் மூலிகைப் பொடி தூவிய ரொட்டி நாலு சுட்டு, துணியில் முடிந்து கொடுத்தாள். "நம்ம பிள்ளைக்குக் காதைப் பொத்துனாளே, அதுக்கு. வேற எதுக்குமில்லன்னு சொல்லிடு."

திர்ஸா ஓட்டிக்கொண்டே ஒரு ரொட்டியைத் தின்று முடித்தாள். "யாரு சுட்டது? உங்க வீட்டுக்காரம்மாவா?"

"அண்ணி."

"அப்ப உங்களுக்கு ஒரு அண்ணன் இருக்காரு. ஒரு நாளும் சொன்னதில்லையே."

ரப்ஹி ஜன்னல் பக்கம் பார்த்தான். பிறகு சொல்லத் தொடங்கினான். அவ்னி பள்ளிக்கூட வேன் ஓட்டியது, விசில் அடித்தே பிள்ளைகளைக் கூப்பிடுவது, அன்று கதவைத் தாழிட வாசலுக்குப் போனது, சிஹாம் வெறுங்கையால் ரத்தத்தை அடைக்கப் பார்த்தது. திர்ஸாவின் கை அன்று பேச்சில் இல்லை. இரண்டும் ஸ்டீயரிங்கிலேயே இருந்தன.

"என் மகன் உங்க ஊர்ப் பக்கம்தான் ராணுவத்துல இருந்தான்," என்றாள் கடைசியில். "உங்கண்ணன் போனது எந்த வருஷம்னு கேக்க எனக்குத் தைரியம் இல்ல."

"கேக்காதீங்க," என்றான் ரப்ஹி, தணிந்த குரலில். "நானும் சொல்லல."

பின்னாலிருந்து மயார் அரபியில் கத்தினாள். மருத்துவமனைக்குத் திரும்பும் வளைவைத் தாண்டி வந்துவிட்டார்கள்.

"என்ன சொல்றா?"

"வழியை விட்டுட்டீங்கன்னு திட்டுறா."

"நல்லாத் திட்டட்டும்," என்றபடி திர்ஸா கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைத் திருப்ப இடம் தேடினாள்.