சிங்கம் போட்ட செல்லாக்காசு

விஷுக்கணித் தட்டில் புது நயா பைசாதான் இருக்க வேண்டுமென்பது திரிபுரசுந்தரியின் பிடிவாதம். அந்தக் காசு நாட்டுக்கு வந்தே இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. விடியலில் கணி கண்டதும், வாசலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தட்டிலிருந்து எடுத்துக் கைநீட்டமாக ஆளுக்கொரு காசு கொடுத்தாள்.

அவள் கணவர் கல்யாணராமன் குளித்துவிட்டு வந்து பார்த்தபோது மேஜைமேல் இருந்த தீப்பெட்டி காலி.

"இதுல ஒரு காசு இருந்ததே?"

"சிங்கம் போட்டுப் பளபளன்னு இருந்ததே, அதுதானே? கணிக்குத்தான் வாங்கிண்டு வந்தேள்னு நெனச்சேன். இஞ்சிக் கிடங்குல வேலை செய்யற ஒச்சம்மாளுக்குக் கொடுத்துட்டேன்."

அது நயா பைசா இல்லை. கும்பினி காலத்தில் புதுக்காசுக்கு மாதிரியாக அடித்துப் பார்த்து, வேண்டாமென்று ஒதுக்கியது. ஒரு பக்கம் சிங்கம், மறுபக்கம் வெறும் செம்பு. மெழுகுத் துணியிலேயே கிடந்ததால் மெருகு போகவில்லை. பழங்காசு தேடி, யூதர் தெருவான ஜூ டவுன் கடைகளில் வருஷக்கணக்காக ஏறி இறங்கியவருக்கு அது முந்தின நாள்தான் கிடைத்திருந்தது.

கல்யாணராமன் ஈர வேட்டியோடு ஓடினார். இஞ்சிக் கிடங்கு வாசலில் ஒச்சம்மாள் அழுதுகொண்டிருந்தாள்.

"அந்தக் காசு எங்கே?"

"புள்ளைக்குப் பன்னு வாங்கக் குடுத்தேன் சாமி. ஒரு பக்கம் ஒண்ணுமே இல்ல, கள்ளக்காசுன்னு சொல்லி சாயாக்கடைக்காரரு காயல்ல வீசிட்டாரு. அத்தன பேரு முன்னால என்னைக் கள்ளின்னு சொல்லிட்டாரு சாமி."

அவர் படகுத்துறைச் சாயாக்கடைக்கு நடந்தார். அவள் பின்னாலேயே வந்தாள். கடையின் பின்புறம் நீர் ஏறிக் கலங்கி ஓடியது.

"எந்தா ஸ்வாமி, முங்கி எடுக்கப் போறீங்களா?" கடைக்காரர் சிரித்தார். "வேலியேற்றமாணு, கடல்தண்ணி ஏறுற நேரம். இந்நேரம் அது அடிச் சேத்துல புதைஞ்சிருக்கும்."

'மடையா, அதை விற்றால் உன் கடையையே வாங்கலாம்' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பக்கத்தில் ஒச்சம்மாள் நின்றாள். கேட்டால் ஆயுசு முழுக்க அதை நினைத்தே வெந்துபோவாள்.

"அது எங்காத்துக் காசு. தெரியாமக் கொடுத்துட்டோம். இவ மேல ஒரு தப்பும் இல்லே. எல்லார் முன்னாடியும் திட்டினே இல்லையோ, இதையும் எல்லார் முன்னாடியும் சொல்லு."

கடைக்காரரின் சிரிப்பு நின்றது. பெஞ்சில் இருந்தவர்களைப் பார்த்து, "கேட்டீங்களே? தப்பு என்னோடதாணு," என்றார். ஒரு பன்னைக் காகிதத்தில் சுற்றி ஒச்சம்மாளிடம் நீட்டினார்.

"பெரிய காசா சாமி அது?"

"இல்லேம்மா. செல்லாக்காசுதான்."

அதில் பொய் எதுவும் இல்லை. அந்தக் காசு ஒருநாளும் செல்லுபடியானதில்லை. ஒச்சம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு போனாள். தான் செய்தது சரி என்று கல்யாணராமனுக்குத் தெரிந்தது. ஆனாலும் காசை விட்டுப் போக மனம் வரவில்லை. நீர் எப்போது வடியும் என்று கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தார்.