நானூற்றுப் பன்னிரண்டாம் சொல்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து வந்தது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், சிரித்தவர்களில் நானும் ஒருவன்.

நிறுவனங்களின் செயலிகளில் யாராவது கெட்ட வார்த்தை எழுதினால் தடுக்கிற ஃபில்டரைச் செய்வது எங்கள் அலுவலகத்தின் வேலை. அதற்கு ஒரு பட்டியல் வேண்டும். ஒரு மதியம் மூன்று ஆண்கள் கதவைச் சாத்திக்கொண்டு தெரிந்த வசவையெல்லாம் கொட்டினோம். வயிறு வலிக்கச் சிரித்தோம். மொத்தம் அறுநூற்று எட்டு. கதவுக்கு வெளியே பெண்களும் வேலை பார்ப்பதால், அன்றிலிருந்து எந்தச் சொல்லையும் வாயால் சொல்வதில்லை, எண்ணால்தான். "முப்பத்தேழுல ஏதோ பிரச்சினை, பாருங்க." அவ்வளவு நாகரிகமானவர்கள் நாங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி: தொழிற்சாலையின் சங்கு ஊதியபோது அவள் கண்கள்

(அடித்துவிட்டேன். சங்கு எல்லார் கதையிலும்தான் ஊதுகிறது.)

இரண்டாவது: யாரோ ஒரு பெண், ஏதோ ஒரு பேக்கிங் பிரிவில்

(பச்சைப் பொய். யாரோ இல்லை, என் அண்ணி. அவரை யாரோ ஆக்கிவிட்டால் எனக்கு எழுதச் சுலபமாக இருக்கும், அதனால்தான்.)

அண்ணி ஓர் ஆடை நிறுவனத்தில் சட்டைகளை மடித்துப் பெட்டியில் அடுக்குகிறார். ஒரு திங்கட்கிழமை, காலர் மடிப்பு சரியில்லை என்று சூப்பர்வைசர் முப்பது பேர் முன்னால் அவரை ஒரு சொல் சொன்னான். அண்ணி நிறுவனத்தின் புகார்ச் செயலியில் நடந்ததை அப்படியே எழுதினார். உடனே பதில்: "தகாத சொல் உள்ளது. நாகரிகமான மொழியில் மீண்டும் எழுதவும்."

எங்கள் ஃபில்டர். அந்த வாசகமும் நான் எழுதியதுதான்.

3

அண்ணி நாகரிகமாக எழுதினார்: "சூப்பர்வைசர் என்னைத் தகாத வார்த்தையால் திட்டினார்." செயலி ஏற்றுக்கொண்டது. இரண்டு நாள் கழித்து விசாரணைக் குழு கேட்டது: "என்ன சொன்னார் என்பதை அப்படியே குறிப்பிடவும். ஏழு நாட்களுக்குள் தராவிட்டால் புகார் முடித்துவைக்கப்படும்."

அப்படியே எழுதினார். தடுத்தது. நடுவில் நட்சத்திரம் போட்டார். தடுத்தது. (நட்சத்திரத்தையும் பிடிக்கச் செய்தது என் யோசனை. அதற்கு எனக்குக் கைதட்டல்கூடக் கிடைத்தது.) தாளில் எழுதிக் கொண்டுபோனார். புகார் செயலி வழியாக மட்டுமே என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

அதே வாரம் அதே செயலியில் சூப்பர்வைசர் அவருக்கு அனுப்பியது: "சகோதரி, இந்த வயதில் உங்களுக்கு ஏன் இந்தச் சிரமம்? வீட்டில் ஓய்வெடுக்கலாமே. அன்புடன்." இது தங்குதடையில்லாமல் போய்ச் சேர்ந்தது. எங்கள் அறுநூற்று எட்டில் ஒன்றுகூட இதில் இல்லை.

(இங்கே ஒரு கட்டுரை எழுதக் கை பரபரக்கிறது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: ஃபில்டருக்குச் சொல் தெரியும், யார் யாரைச் சொன்னார்கள் என்பது தெரியாது. அடித்தவனையும் அடிபட்டதைச் சொல்ல வந்தவளையும் அது ஒரே கயிற்றில் கட்டும். போதும். எனக்கே அலுப்பாக இருக்கிறது.)

4

ஆறாம் நாள் அண்ணி வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"தம்பி, இது உங்க ஆபீஸ்ல செஞ்சதுதானே? நாளைக்கு முடிச்சிடுவாங்க. ஒரு வழி சொல்லுங்க."

"என்ன வார்த்தை அண்ணி?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் போனில் தட்டி என் பக்கம் திருப்பினார்.

நானூற்றுப் பன்னிரண்டு. பட்டியலில் அதைச் சேர்த்தது யார் என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. நான்தான். அன்று மதியம் அதற்குத்தான் பலத்த சிரிப்பு. கூனிக் குறுகிப்போனேன்.

"எங்க பட்டியல்ல அதுக்கு ஒரு நம்பர் இருக்கு. நம்பர எழுதுங்க, பிடிக்காது."

"நம்பரா? நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்றார். ஆனால் எழுதினார்: சூப்பர்வைசர் என்னை 412 என்று சொன்னார். செயலி நன்றி தெரிவித்தது.

5

குழு என்னை வரச் சொன்னது. நீளமான மேசை. சூப்பர்வைசர் கைகட்டி உட்கார்ந்திருந்தான். "சகோதரின்னுதான் சார் கூப்பிடுவேன், மெசேஜ எல்லாம் பாருங்க."

"அந்த வார்த்தைய நானே சொல்றேன் சார்" என்றார் அண்ணி.

"நீங்க சொன்னா, இப்ப மாத்திச் சொல்றீங்கன்னு இவர் சொல்வார்" என்று சூப்பர்வைசரைக் காட்டினார் குழுத் தலைவர். பிறகு என்னைப் பார்த்தார். "பட்டியல் செஞ்சவர் நீங்க. நானூத்திப் பன்னெண்டு என்ன? வாயால சொல்லுங்க, பதிவுல ஏறணும்."

முடிவு அ: கணீரென்று சொன்னேன். (நான் இவ்வளவு வீரன் என்றால் என் மனைவியே நம்பமாட்டாள்.)

முடிவு ஆ: "ஞாபகம் இல்லை" என்றேன். கோப்பு மூடியது. மறுநாளும் அண்ணி அதே வரிசையில் நின்று அவனுக்கு முன்னால் சட்டை

(இதை முடிக்க மாட்டேன். கேவலமாக இருக்கிறது. நடக்கக் கூடியதும் இதுதான்.)

உண்மையில், எனக்கு வாய் கூசியது. பிறத்தியார் முன்னால் சொல்லிவிடுவேன், அண்ணி முன்னால் எப்படி? அவருக்கு அது புரிந்தது. நாற்காலியை அப்படியே திருப்பிப் போட்டு, எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

"நான் பாக்கல தம்பி. சொல்லுங்க."

பதிவு எழுதும் பெண் பேனாவைத் திறந்தாள். நான் வாயைத் திறந்தேன்.

வாசகரே, இனி உங்கள் முறை. அது என்ன சொல் என்று உங்களுக்குத் தெரியும். வாய்விட்டுச் சொல்லுங்கள், இப்போதே, உங்கள் வீட்டுக் கூடத்தில், எல்லாரும் இருக்கும்போது. சொல்லிவிட்டால் அண்ணி ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.