ஐசில்டாவின் முன்னறை

நாற்பத்தோரு வருஷம் ஒரு மனிதன் தன் சொந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்ததே இல்லை என்றால் நம்புவீர்களா? ஃபெர்டினண்ட் டல்லக் உட்கார்ந்ததில்லை. முன்னறை விருந்தாளிக்கு. பாதிரியாருக்கு, ஜமைக்காவிலிருந்து வந்து இறங்கும் ஒன்றுவிட்ட சொந்தங்களுக்கு, ஏன், இன்ஷூரன்ஸ்காரனுக்குக்கூட. சைக்கிள் தொழிற்சாலையிலிருந்து கிரீஸ் நாற்றத்தோடு வரும் புருஷனுக்கு அடுப்படி ஸ்டூல். ஐசில்டா போட்ட சட்டம் அது. அப்பீலெல்லாம் கிடையாது.

அந்த மகராசி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம். ஃபெர்டினண்ட் தன் மகள் வீட்டுக்குக் குடிபோனபோது, இடமில்லை என்று மகள் முன்னறைச் சாமான்களை மொத்தமாகக் கண்காட்சிக்குக் கொடுத்துவிட்டாள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ஜமைக்காவிலிருந்து வந்து குடியேறிய எங்கள் ஆட்கள் கூடும் மண்டபத்தில், மூன்று மரத்தட்டிகளுக்கு நடுவே அந்த அறையை அச்சு அசலாக எழுப்பியிருந்தார்கள். பிளாஸ்டிக் உறை போட்ட சிவப்பு வெல்வெட் நாற்காலி. சர்க்கரைத் தண்ணீரில் முக்கி விறைக்கவைத்த நூல் பின்னல் விரிப்புகள். கண்ணாடி மீன், பெரிய மரப்பெட்டி ரேடியோ. எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு கயிறு. இன்றைக்குக் கடைசி நாள். நாளைக் காலை லாரி வந்து வேறு ஊர் அருங்காட்சியகத்துக்கு ஏற்றிப் போய்விடும்.

அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அதில் ஒரு தடவை உட்கார வேண்டும்.

ஆறு நாளாகக் கெஞ்சுகிறார். காவலுக்கு நின்றதோ வாஷ்டி டேக்ரஸ், ஐசில்டாவின் சர்ச் தோழி. அவள் தொப்பியிலிருந்த இறகுகூடக் கறார்.

"என்ன ஃபெர்டி பிரதர், கயிறு அறுந்துருச்சான்னு பாக்க வந்தீங்களா?"

"ஒரே நிமிஷம் வாஷ்டி. உக்காந்த சூடு ஆறுறதுக்குள்ள எந்திரிச்சிடறேன்."

"ஆகாது. இருந்தவரைக்கும் அவ விட்டாளா? நான் விட்டேன்னு வைங்க, மேல போனதும் என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா. அவ வாய் உங்களுக்குத் தெரியாததா?"

"எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்!"

அவர் கயிற்றோரமாக நின்றுகொண்டார். மூலையில் ஒலிப்பெட்டி பெரியவர்களின் பதிவுசெய்த குரல்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தது. யாரோ கப்பலைப் பற்றி, யாரோ மாமரத்தைப் பற்றி. மாலை வெயில் கண்ணாடி மீனுக்குள் புகுந்து சுவரில் நீலமாக அசைந்தது. கேட்கக் கேட்கக் குரல்களெல்லாம் கடல் சத்தமாகிவிட்டன. எங்கிருந்தோ இஞ்சி வாசம். தட்டிக்கு அப்பால் ஐசில்டா வாய்க்குள் பாடிக்கொண்டே எதையோ துடைக்கிறாள் என்று சத்தியமாகத் தோன்றியது அவருக்கு. வீட்டில் அந்த அறைச் சுவருக்குக் காகிதம் ஒட்டியவர் அவர். நாற்காலியைத் தோளில் சுமந்து வந்தவரும் அவர்தான். அதற்குப் பிறகு பார்த்ததெல்லாம் வாசற்படியில் நின்றபடிதான். அநியாயம் இல்லையா?

தூக்கம் போல ஒன்று கண்ணைச் சுழற்றியது. தலை தாழ்ந்தபோது தன் சட்டையிலிருந்த வட்டச் சீட்டு கண்ணில் பட்டது. உள்ளே வருகிற எல்லோருக்கும் ஒட்டி விடுவது.

"வாஷ்டி, இதுல என்ன போட்டிருக்கு, படி."

"ஏன், கண்ணு அவிஞ்சு போச்சா? 'விருந்தாளி'ன்னு போட்டிருக்கு."

"அப்போ நான் யாரு?"

வாஷ்டி கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றினாள். எங்கள் தெருவில் இதுவரை நடக்காத அதிசயம் அது.

"ஷூவைத் துடைச்சிட்டுப் போங்க."

உட்கார்ந்தார். பிளாஸ்டிக் கீச்சென்றது. ஸ்பிரிங் ஒன்று தொடையில் குத்தியது.

"அடக் கடவுளே! இந்தக் கட்டாந்தரைக்கா இத்தனை காவல்!"

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பிறகு அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, முழங்கால்களைச் சேர்த்து, விருந்தாளி போலவே அடக்கமாக உட்கார்ந்திருந்தார். விருந்தாளி வந்தால் ஐசில்டா ஏப்ரனைக் கழற்றிவிட்டு, தங்க விளிம்புக் கோப்பையும் ரம்மில் ஊறிய கறுப்பு கேக்கும் எடுத்துக்கொண்டு வருவாள். "சௌகரியமா இருக்கீங்களா?" என்று கேட்பாள். அப்படி ஒரு தேன் குரல்! அதை அவர் ஆயுள் முழுக்க அடுப்படியிலிருந்தேதான் கேட்டார். அவரிடம் அந்தக் குரலில் அவள் ஒருநாளும் பேசியதில்லை. அது அவருக்கு வலித்தது. உயிரோடிருந்தபோது சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மண்டபத்து விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"பிரதர், பூட்டணும். எந்திரிங்க."

அவர் தட்டிகளுக்கு நடுவே விட்டிருந்த வாசல் இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கொஞ்சம் இரு வாஷ்டி. வீட்டுக்காரம்மா இன்னும் வரலையே. சொல்லாமக் கொள்ளாம எந்திரிச்சுப் போனா அவ என்ன நினைப்பா?"

வாஷ்டி கயிற்றைக் கையில் சுருட்டிக்கொண்டு அங்கேயே நின்றாள். அவளும் அந்த வாசலைத்தான் பார்த்தாள்.